ஞாயிற்றுக்கிழமை நிரம்பிய லிங்க்

1. புதன்கிழமை ரீடிங்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் தலவாக்கலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னிக்கல் ஆபீசர். இன்டர்நெட்டுக்கென்று எங்களுக்கு இரண்டு லிங்க், அதாவது வெளியூருக்குப் போகும் பெரிய லைன்கள், இருந்தன. ஒன்று சும்மா கிடக்கிறது, கழற்றிக் கண்டி எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று எஞ்சினியர் முடிவு செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர். மலைக்கு வந்தால் குளிரைத் தவிர வேறெதையும் கவனிக்காதவர்.

"இஞ்ச ஆர் ஐசே இன்டர்நெட் பாக்கிறது? தேயிலைக் கொழுந்தோ?"

"தேவை வளரும் சார்."

"எப்ப? ரீடிங்கில ஒண்டும் தெரியேல்லையே!"

எப்படித் தெரியும்? லிங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஆபீஸ் வழக்கப்படி ரீடிங் எடுப்பது புதன்கிழமை காலையில். அந்த நேரத்தில் ஊரில் பாதிப் பேர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்களுக்கு ஓய்வு ஞாயிறு. அன்று ஆபீசுக்கும் ஓய்வு. நான் நான்கு ஞாயிறு தனியாகப் போய் அளந்து காட்டினேன். இரண்டு லிங்க்கும் நிரம்பியிருந்தன.

"லீவு நாள் ரீடிங் கணக்கில வராது."

தலையில் அடித்துக்கொண்டேன். லிங்க் போயிற்று.

2. அசையாத கை

அடுத்த ஞாயிறு, கடைத்தெருவில் கம்யூனிகேஷன் என்கிற போன், இன்டர்நெட் கடை வைத்திருந்த ராணி போன் செய்தாள்.

"சார், ஓடி வாங்க. பேச்சியம்மா அக்கா கடையவே ரெண்டாக்குறாங்க."

கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் மகனுக்குக் கட்டாரில் ஹோட்டல் வேலை. லாண்டரி மெஷினில் கை மாட்டித் தையல் போட்டிருந்தது. ஆறிவிட்டது என்று அவன் போனில் சொன்னதை நம்பாமல், இன்டர்நெட் வழியே கண்ணால் பார்க்க வந்திருந்தாள். திரையில் மகன் கையை உயர்த்தியபடி சிலையாக நின்றான்.

"வெரல மடக்குடான்னேன், மடக்க மாட்டேங்கிறான். கை வெளங்காமப் போயிருச்சு சார்!"

"கைக்கு ஒண்ணுமில்லம்மா, லைன்தான் நிக்குது. பாருங்க, கண்ணக்கூடச் சிமிட்டல."

"ஐயோ, கண்ணும் போச்சா!"

பக்கத்து நாற்காலிக்காரி, "அவனாவது முழுசா நிக்கிறான். எம் மவளுக்குப் பாதித் தலதான் வந்திருக்கு" என்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எஞ்சினியரின் வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ரிசீவரைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தேன்.

"ஐயா, நீங்களா எம் மகன் கைய நிறுத்தி வச்சது?"

"லிங்க்கைத் திருப்பித் தாறன், அம்மா" என்றது எஞ்சினியரின் குரல்.

இரண்டு வாரத்தில் லிங்க் திரும்பி வந்தது. "எதிர்பாராத தேவை வளர்ச்சி" என்று எஞ்சினியர் அறிக்கை எழுதினார். எதிர்பாராததாம்!

அந்த ஞாயிறு நானும் கடையில் நின்றேன். மகன் ஒவ்வொரு விரலாக மடக்கினான். நான்கு மடங்கின. சுண்டு விரல் பாதியில் நின்றது. லைன்மேல் பழி போட வழியில்லை. திரையில் அவன் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஆறிருச்சுன்னியேடா" என்றாள் பேச்சியம்மா. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறு வருஷம் அந்த இரண்டு லிங்க்கும் போதவில்லை. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளும் லைன் சும்மா கிடக்கிறது, தேவை வளருமா என்று கேட்கிறார்கள். நீங்கள் எந்தக் கிழமையில் அளந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அளக்கும் நாளை ஆபீஸ் தீர்மானிக்கக் கூடாது. பேச்சியம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும் நாள் தீர்மானிக்க வேண்டும்.