அடுப்பில் முளைத்த நாற்று

அந்த மார்கழியில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். பேரன் பிறந்து இருபத்திரண்டு நாள். பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு வாரமாக அடைமழை. கொல்லையில் அண்டாவைப் பதித்துக் கட்டியிருந்த வெந்நீர் அடுப்பின் பக்கச்சுவர் சனிக்கிழமை காலை கரைந்து சரிந்தது. மேலே போட்டிருந்த தகரம் காற்றில் விலகியதுதான் காரணம். அதற்கு ஆணி அடிக்காமல் ரெண்டு கல்லை மட்டும் தூக்கி வைத்தவன் நான்.

சேதி அன்றைக்கே நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் மனைவியிடம் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது.

"பச்ச உடம்புக்காரி, வெந்நி இல்லாம எப்படிங்க இருப்பா? இங்க கீசர் இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து அழைச்சிக்கிட்டுப் போயிடுறேன்."

மூன்றாம் மாதம்வரை பெண்ணும் பிள்ளையும் எங்களோடு இருப்பதாகத்தான் பேச்சு. ஒரு மண்சுவர் விழுந்ததைச் சாக்காக வைத்து இருவரையும் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள் அந்த அம்மாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு கீசர் இருந்தது. வளைகாப்புக்கு வந்தபோது மாப்பிள்ளை வாங்கி வந்தது. பெட்டியைப் பிரிக்க நான் விடவில்லை. அது மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. என் வீட்டில் என் பெண் குளிக்க அவர்கள் வெந்நீர் கொடுக்க வேண்டுமா?

"அந்தப் பெட்டியப் பிரிச்சா இன்னைக்கே குளிக்கலாம்" என்றாள் மனைவி, கேஸ் அடுப்பில் குண்டானை ணங்கென்று வைத்தபடி.

"வாய மூடிக்கிட்டு இரு. நான் கட்டுறேன் அடுப்ப."

உள்ளூர்க் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாம். போன வருஷம் குளியலறைத் தரையின் வாட்டம் சரியில்லை என்று தெருவில் நிறுத்தி அவரைத் திட்டியிருந்தேன். அவர் வரமாட்டார், நானும் கூப்பிட மாட்டேன். வாய்க்கால் கரையிலிருந்து களிமண்ணை நானே கூடை கூடையாகச் சுமந்து வந்து மிதித்தேன். மண் வெடிக்காமல் இருக்க உமி கலக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். உமி ரைஸ்மில்லில் கிடைக்கும். மில்காரரோடும் எனக்குப் பேச்சு கிடையாது, தவிடு விஷயத்தில் ஒரு தகராறு.

அதனால் வீட்டிலிருந்த கருக்காய் மூட்டையைப் பிரித்தேன். குறுவை நெல்லைத் தூற்றும்போது ஒதுங்கிய, மணி பிடிக்காத சாவி நெல். அதுவும் தோல்தானே, உமிக்குப் பதிலாகப் போகட்டும் என்று அள்ளிக் கொட்டி மிதித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது. அண்டாவை நிமிர்த்தி, பூசி மெழுகி, தகரத்துக்கு ஆணியும் அடித்தேன். காய்வதற்கு நாலு நாள் விட்டேன். வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நாலு நாளும் மனைவி குண்டான் குண்டானாக வெந்நீர் தூக்கினாள். கொத்தனார், மில்காரர், சம்பந்தி, மழை, எல்லோரையும் நான் கூடத்தில் உட்கார்ந்து முறை வைத்துத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் விறகோடு கொல்லைக்குப் போனால், அடுப்பு பச்சையாக நின்றது. கருக்காயோடு கருக்காயாக நல்ல நெல்லும் இருந்திருக்கிறது. மழை ஈரத்தில் சுவர் முழுக்க விரல் உயரத்துக்கு நாற்று.

அந்த நேரம் பார்த்து முதல் பஸ்ஸில் சம்பந்தியம்மாள் வந்து இறங்கிவிட்டாள். கொல்லைவரை வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏண்ணே, நாத்து நல்லா வந்திருக்கே. நடவு எப்ப?" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். ஆறு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். அதுதான் என்னை வெறிபிடிக்க வைத்தது. என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. நாகப்பட்டினத்தையே இழுத்து வைத்துத் திட்டியிருப்பேன். நாற்றைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினேன், மண்ணும் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த இடத்தில் ஈரமண்ணை அப்பி அடைத்துவிட்டு, வீம்புக்குத் தீ மூட்டினேன். புகை நாலு பக்கமும் கசிந்தது. ஆனாலும் சுவர் நின்றது. ஒரு மணி நேரத்தில் அண்டாவில் தண்ணீர் கொதித்தது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு சொம்பில் வெந்நீரை மொண்டு, ஆவி பறக்க எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன்.

கட்டிலில் பை கட்டி வைத்திருந்தது. பிள்ளையை மார்போடு அணைத்து, அதன் காதை உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

"பாரும்மா, வெந்நி வந்துடுச்சு. இனிமே நீ எங்கயும் போக வேணாம்."

"வெந்நிக்காகப் போகலப்பா." அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க சத்தம் போடுறப்பல்லாம் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுது. ஆறு நாளா அது சரியாத் தூங்கல. அத்தைய நான்தான் இன்னைக்கு வந்தே ஆகணும்னு நேத்து போன் பண்ணிச் சொன்னேன்."

சொம்பு கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் கார் வந்தது. சம்பந்தியம்மாள் வாசலில் நின்று, "வர்றோம்ண்ணே" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். கார் தெருமுனை திரும்பியதும் மனைவி உள்ளே வந்தாள்.

"அண்டா நிறைய கொதிக்குது. போய் ஆசை தீரக் குளிங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பிள்ளை தூங்குமே என்று, அத்தனை நாளும் ஒரு தடவைகூட வராத நினைப்பு அப்போது வந்தது. குரலை அடக்கிக்கொண்டு தொட்டில் பக்கம் திரும்பினேன். சேலை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.