அடியில் படாத தண்ணீர்

இந்த ஜீப்பை நான் வாங்கியது என் சகலையிடம். என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், டெக்சாஸில் காப்பெல்லில் இருக்கிறார். சனி ஞாயிறுகளில் சேறு, மணல், கல் மேடு என்று ஏற்றி இறக்குவதற்காக ஆசைப்பட்டு வைத்திருந்த வண்டி. இரட்டைக் குழந்தை பிறந்ததும் விற்கப்போகிறேன் என்றார். இங்கே நியூ ஜெர்சியில் பனிக்காலத்தில் என் மனைவி விடியும்போதே மருந்து கம்பெனி லேபுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் வழுக்காமல் போய்ச் சேர்ந்தாள் என்று மெசேஜ் வரும்வரை நான் ஃபோனைக் கீழே வைக்க மாட்டேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் கொஞ்சம் நிம்மதி. இந்தப் பக்கத்துப் பழைய வண்டிகளை வாங்கவே பயம். பனிக்கு ரோட்டில் கொட்டுகிற உப்பு, அடியில் இருக்கிற இரும்பைத் தின்றுவிடும் என்று பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டில் சொல்லாத ஆள் இல்லை. காப்பெல்லில் பனியே அபூர்வம். அதனால் வாங்கினேன்.

வாங்கிய நாளிலிருந்து மனதில் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். திருப்பூரில் டெம்போ ஓட்டினேன், மாமன் மகளைக் கட்டினேன், அவள் வேலை கிடைத்து வந்த இடத்துக்கு நானும் வந்தேன். சகலை இன்ஜினியர். படித்தவர்கள் என்னிடம் ஒரு தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை விரலால் மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இரண்டாவது பனிக்காலம் முடிகிற சமயம் பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் அதிகமாக அமுங்க ஆரம்பித்தது. கராஜில் விட்டேன். கராஜ்காரர் வண்டியைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் முழுக்கத் துரு. அவர் விரலால் தட்டினால் சீவல் சீவலாகக் கொட்டியது. பிரேக் பைப் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. வண்டியின் அடிச்சட்டம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் பைப் எல்லாம் மாற்றும்வரை யாரும் ஓட்ட வேண்டாம் என்றார். கடைசியாகச் சாதாரணமாக ஒன்று கேட்டார். இது கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியா?

எனக்குச் சட்டென்று ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. குடும்ப குரூப்பில் சகலை முன்பு போட்டது. கடல் ஓரத்தில் கறுப்பு ஜீப், சக்கரம் பாதி தண்ணீரில், பானெட் மேல் அவர். தேடி எடுத்துப் பார்த்தேன். என் வண்டியேதான். கராஜ் வாசலில் நின்றபடியே அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கடல் தண்ணியில ஊறப்போட்ட வண்டியை என் தலையில கட்டிட்டீங்க, படிக்காதவன்னுதான இந்த வேலை பண்ணுனீங்க என்று. இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதில் வரவில்லை. அன்றாடம் அக்காவைக் கூப்பிடுகிற தங்கை கூப்பிடுவதை நிறுத்தினாள். ஐந்து வருடமாக அக்கா தங்கை நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. இரட்டையரை என் மனைவி கையில் வாங்கியதே இல்லை. ஜூனில் அவர்கள் வருவதாக இருந்தது. ரொட்டி உருட்டிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே சொன்னாள்.

“அவ வரலைன்னா அதுக்கு நீங்கதான் மாமா காரணம்.”

இத்தனைக்கும் நான் கராஜ்காரரையும் நம்பவில்லை. வேலை பிடிப்பதற்காகத் துருவைப் பெரிதாக்கிச் சொல்கிறாரோ என்று இன்னொரு கராஜில் காட்டினேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு பேரும் ஃபோனில் பேசிக்கொண்டார்களோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

பைப் மாற்றி வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, இங்கேயே வளர்ந்த எங்கள் மகளையும் ஏற்றிக்கொண்டு கார் வாஷுக்குப் போனேன். எனக்கு அது கார் வாஷ் இல்லை, வாட்டர் வாஷ். திருப்பூரில் டெம்போவை வாட்டர் வாஷ் விட்டால் முதலில் வண்டியைத் தூக்குவார்கள். பம்பை வைத்து அடியில் அடிக்கிற அடியில் சேறு கட்டி கட்டியாக விழும். பிறகு துரு பிடிக்காமல் இருக்க டீசல் அடிப்பார்கள். மேலே சோப்பு போடுவதெல்லாம் கடைசியில்தான். வண்டி லாரியில் வந்து இறங்கியபோது சகலை கூட ஃபோனில் சொன்னார், உப்பு ஊரு, கீழ நல்லாக் கழுவுங்க என்று. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வாட்டர் வாஷ் விடறனுங்க என்று நானும் பெருமையாகச் சொன்னேன், சொன்னபடியே செய்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். பிரஷ் சுழலும், நுரை வழியும். சோப்பைக் குறைக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். அடியில் தண்ணீர் படுகிறதா என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தனை கழுவியும் துரு வந்திருக்கிறதே என்று மகளிடம் புலம்பினேன். அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி வாசல் போர்டைப் படித்தாள்.

“அப்பா, அண்டர்பாடி இஸ் எக்ஸ்ட்ரா. வீ நெவர் காட் தட் ஒன்.”

நான் போர்டை அண்ணாந்து பார்த்தேன். புரியவில்லை என்று நினைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

“கீழ கழுவல அப்பா. மேல மட்டும்.”

பின்னால் நின்றவர் ஹார்ன் அடித்தார். கழுவாமலே வெளியே வந்து ஓரமாக நிறுத்தி, சகலையைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். போர்டு விஷயம் முழுவதும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது. அதைச் சமாதானப்படுத்திவிட்டுச் சொன்னார்.

“அந்தப் போட்டோவுல இருக்கறது என்னோட வண்டியே இல்லீங்க சகல. பீச்சுல வாடகைக்கு உடறது. என்ற வண்டிய உப்புத் தண்ணியில எறக்க நான் என்ன லூசா?”

அவரே தொடர்ந்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க. நீங்க கேக்கல. தீர்ப்பே சொல்லிட்டீங்க.”

பயந்துபோய்விட்டேன் என்றேன். என் மனைவி விடியும்போது தனியாக ஓட்டிக்கொண்டு போகிற வண்டி என்றேன். பயந்தா ஃபோன் பண்ணோணும், வாய்ஸ் மெசேஜா அனுப்பறது என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்று சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். என் மனைவி ஃபோனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தபடி வெளியே துணி மடித்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்து டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஜூனில் நூவார்க் ஏர்போர்ட்டிலிருந்து அவர்களைக் கூட்டி வந்தோம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். சகலை பையைக் கீழே வைத்தார். சட்டையைக்கூடப் பார்க்காமல் தரையில் மல்லாந்து படுத்து, ஃபோன் டார்ச்சைப் போட்டு ஜீப்புக்கு அடியில் நகர்ந்தார். அவருடைய கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் சொன்னதை இவர் நம்பவில்லை என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

“இந்தப் பக்கம் புதுப் பைப்பு. அந்தப் பக்கமும் மாத்துனாங்களா சகல?” என்றார் அடியிலிருந்து.

எல்லாம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள் என்றேன்.

“சொன்னாங்க சரி. நீங்க பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க என்று சொல்லிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.