களத்துக்குத் திரும்பியவர்களுக்கு மட்டும்

லோரீன் ரிண்ட்லர் எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் கரண்டி பிடித்தவள். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸைக் குழைய ஊற்றித் தரும் புதன்கிழமைகளில் காய்ச்சல்காரப் பிள்ளைகூட லீவு போடாது. முன்கோபக்காரி. தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவாள். ஆனாலும் அவளிடம் யாரும் பதில் பேசுவதில்லை. டெரிக்கைப் பறிகொடுத்தவள் என்று ஊரே அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டல்தான் பின்னால் வினையாக வந்து முடிந்தது.

டெரிக் அவளுக்கு ஒரே மகன். கூடைப்பந்து அணியில் பதினான்காம் நம்பர். பதினேழு வயதில் தொடை எலும்பில் புற்றுநோய் வந்து டேட்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் கிடந்தான். தலைமுடி போனதற்கு அழவில்லை, காலை எடுக்க வேண்டும் என்றபோதுகூட அழவில்லை. சீசன் முடிவதற்குள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் அவனுடைய சட்டையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எடுத்துவந்து பெஞ்சில் மடித்து வைத்தார். ஜனவரி மாசம் பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை அவன் போய்ச் சேர்ந்தான். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் புதைத்தோம்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் லோரீன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் எழுதப்பட்டது. அவன் நினைவாகப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை ஒன்று வைக்கலாம் என்று சொன்னவர் பயிற்சியாளர்தான். ‘பள்ளி அணியில் விளையாடி, கடுமையான காயத்தையோ நோயையோ சந்தித்த கடைசி வருஷ மாணவர் யாரும் விண்ணப்பிக்கலாம்’ என்று அவரே முதல் வரியையும் எழுதினார். லோரீன் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். ‘பள்ளி முடிவதற்குள் மறுபடி களத்தில் இறங்கி ஒரு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும்’ என்று கீழே எழுதினாள். அந்த வீட்டில் அன்றைக்கு இருபது பேராவது இருந்தோம். பன்றிக்கறி சாண்ட்விச்சும் கையுமாக நின்றோமே தவிர, இது சரியா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து யார் கேட்பது?

பதினோரு வருஷம் ஓடியது. ஒவ்வொரு மே மாசமும் பள்ளி விளையாட்டரங்கில் பரிசளிப்பு நடக்கும். லோரீன் தேவாலயத்துக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையேறி, படிவத்தின் இரண்டு வரிகளையும் வாசிப்பாள். இரண்டாவது வரியை வாசித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். எங்கள் ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது; தேவாலயப் பூசையில் எந்த இடத்தில் எழ வேண்டும் என்று தெரிவது மாதிரி, இதுவும் எல்லாருக்கும் தெரியும். வாங்கிய பத்துப் பிள்ளைகளின் படமும் அவள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தது. யாராவது வந்தால் காபி கொடுப்பதற்கு முன்னால் அந்தப் படங்களைத்தான் காட்டுவாள்.

படிவத்தின் பிரதி ஒன்று அரங்கத்து நடையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அந்தப் பணத்துக்கு ‘ஒரு டெரிக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருத்தி கால் பிசகி விழுந்தால் போதும், “எந்திரிடி, உனக்கு ஒரு டெரிக் இருக்கு” என்று மற்றவள் கேலி பண்ணுவாள். விழுந்தவளும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவாள்.

அந்தக் கேலியைக் கேட்டுச் சிரிக்காத ஆள் ஒருவன்தான். ப்ரூஸ் என்று பெயர். பிள்ளைகளுக்கு அடிபட்டால் ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, ஆடலாமா கூடாதா என்று சொல்வதற்காகப் பள்ளி வைத்திருந்த ஆள். இந்த வருஷம் கெண்ட்ரா என்ற பெண்ணுக்கு நடந்ததற்கு மூன்று வருஷம் முன்பே அவன் லோரீன் வீட்டுக்குப் போய், அந்த இரண்டாம் வரியை எடுத்துவிடும்படி கேட்டான். பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள் என்றான். ஆகஸ்டில் பள்ளி வருஷம் தொடங்குமுன் அவன் எல்லாருக்கும் கம்ப்யூட்டரில், நினைவும் வேகமும் பார்க்கும் ஒரு மூளைத் தேர்வு வைப்பான். பிறகு தலையில் அடிபட்டால் அதே தேர்வை மறுபடி வைத்து, மதிப்பெண் குறையாமல் இருந்தால்தான் களத்துக்கு விடுவான். இந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆகஸ்டிலேயே வேண்டுமென்று பாதியைத் தப்பாகப் போட்டு வைக்கிறார்கள், அடிபட்ட பிறகு எடுக்கிற மதிப்பெண் அதோடு ஒத்துப்போய்விடுகிறது என்று விளக்கமாகச் சொன்னான்.

லோரீன் அவனுக்குத் தான் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அப்படி ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்றாள். அவன் விடாமல் பேசவும் முகம் சிவந்துவிட்டது.

“அந்த வரி என் பையன் கேட்டது ப்ரூஸ். அதுல மட்டும் கை வைக்காத. தட்டுல இருக்கறதச் சாப்பிட்டுட்டுக் கெளம்பு.”

அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். வேறென்ன செய்வான்? பள்ளி முதல்வரிடம் போகலாம். போயும் பார்த்தான். லோரீன் மனசு நோகுமே என்று அவரும் கையைப் பிசைந்தார். தைரியம் வேண்டிய இடத்தில் எங்கள் ஊருக்கு எப்போதும் இரக்கம்தான் வரும்.

இந்த வருஷம் மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள் லோரீன். மூன்றாவது கெண்ட்ரா ஹோமனுடையது. கூடைப்பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாத குட்டைப் பெண். லோரீனிடம் இரண்டாம் தடவை நூடுல்ஸ் கேட்கும் ஒரே பெண்பிள்ளை. பிப்ரவரியிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை என்பது லோரீனுக்குத் தெரியும். தலையில் ஏதோ அடி, சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

கட்டுரையின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருந்தது. வெளிச்சம் கண்ணில் பட்டால் கெண்ட்ரா வாந்தி எடுப்பதால், அவள் சொல்லச் சொல்ல அம்மா டைப் செய்தது என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் பேச்சு.

‘டிசம்பரில் தலை தரையில் மோதியது. அன்றைக்கே ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, எனக்கு அதுதான் முக்கியம். ஆனால் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உங்கள் படிவத்தைப் பார்ப்பேன். டெரிக்குக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கும்போது நான் விடுவது சரியில்லை என்று தோன்றியது. ஆகஸ்டு தேர்வில் எல்லாரையும் போல நானும் மெதுவாகத்தான் பதில் போட்டிருந்தேன், அதனால் ஜனவரியில் பாஸாகிவிட்டேன். தலைவலி இருக்கிறதா என்று ப்ரூஸ் கேட்டபோது இல்லை என்றேன். மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றாவதில் ஒரு முழங்கை தாடையில் பட்டது. சின்ன அடிதான். இப்போது எனக்கு வார்த்தைகள் தொலைந்துபோகின்றன. கல்லூரி இடத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் நான் திரும்பி வந்தேன். உங்களுக்கு நன்றி.’

கடைசி இரண்டு வாக்கியத்தையும் லோரீன் எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. பிறகு எழுந்துபோய், பழைய பத்துக் கட்டுரைகளையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள். ஒவ்வொரு வருஷமும் பெருமை தாங்காமல் அழுதுகொண்டே படித்த கட்டுரைகள். இப்போது படித்தால் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. ‘டாக்டரிடம் சொல்லவில்லை’ என்று ஒன்றில். ‘கட்டைப் பிரித்துவிட்டு ஆடினேன்’ என்று ஒன்றில். முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு இறங்கிய ஃபுட்பால் பையன் இப்போது இருபத்தாறு வயதில் தீவனக் கடைப் படியைப் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுகிறான். அதைத் தினமும் பார்க்கிறவள்தான் அவள். எல்லாம் எழுத்தில் இருந்தது, எதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. அவள்தான் தன் மகனைத் தேடித் தேடிப் படித்தாளே தவிர அந்தப் பிள்ளைகளைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை சமையலறைக்குப் போகாமல் நேராக ப்ரூஸின் அறைக்குப் போனாள். கட்டுரையை அவன் முன் வைத்தாள். அவன் படித்தான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. தலைவலி இல்லை என்று அந்தப் பெண் சொன்னதைத் தானும் நம்பிக் கையெழுத்துப் போட்டதாக மட்டும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வரியை எடுத்துவிடுவது என்று லோரீன் முடிவு செய்துவிட்டாள். ஆனால் சத்தமில்லாமல் ஒரு காகிதத்தில் அடித்துவிட்டுப் போகவா, பரிசளிப்பில் எல்லார் முன்னாலும் சொல்லவா என்பதுதான் அவளை அரித்தது. முதலில் கெண்ட்ராவின் அம்மா டீனாவைப் போய்ப் பார்த்தாள். டீனா கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே பட்டப்பகலில் எல்லாத் திரையும் மூடிக் கிடந்தது. இருவரும் வாசலிலேயே நின்று கிசுகிசுவென்று பேசினார்கள், சத்தம் அந்தப் பெண்ணுக்கு ஆகாது. தான் செய்தது தப்பு, அதை மேடையில் சொல்லப் போகிறேன் என்றாள் லோரீன்.

டீனா கதவை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

“சொல்லாதீங்க லோரீன். உங்க காலப் புடிச்சுக் கேக்கிறேன். மூணு மாசமா இருட்டுல கெடக்கிறா. எதுக்காக இப்படி ஆச்சுன்னு அவ தன்னையே கேக்கும்போது, நான் திரும்பி வந்துட்டேன்லன்னு சொல்லிக்க அந்த ஒண்ணுதான் இருக்கு. அதையும் நீங்க புடுங்கிட்டா நான் அவளுக்கு என்னத்தச் சொல்றது?”

லோரீன் திரும்பி நடந்தாள். வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். டீனா கேட்டதில் என்ன தப்பு? பெற்றவள் அவள். அந்தப் பெண்ணைக் கெடுத்தது போதாதென்று, அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றையும் தட்டிவிட வேண்டுமா? சொல்வதில்லை என்றே முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பரிசளிப்பு நாள் வரைக்கும் அந்த முடிவில்தான் இருந்தாள்.

மே மாசம் பதினெட்டாம் தேதி அரங்கம் நிரம்பி வழிந்தது. இந்த வருஷப் பரிசு கெண்ட்ராவுக்குத்தான்; அவளுக்காக மேடைப் பக்கத்து விளக்குகளைப் பாதியாக்கியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டு, காதில் பஞ்சு வைத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். லோரீன் நீல உடுப்பில் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். முதல் வரியை வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் முன் வரிசை கண்ணில் பட்டது. பதினோராம் வகுப்புப் பெண்ணொருத்தி முழங்காலில் இரும்புக் கட்டுப் போட்டு, ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வரிக்காக இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோழிகள் அவள் விலாவில் இடித்துச் சிரித்தார்கள். உனக்கு அடுத்த வருஷம் ஒரு டெரிக் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

லோரீன் வாசிக்கவில்லை. வழக்கப்படி எழத் தொடங்கிவிட்ட சிலர் முட்டியை மடக்கியபடி பாதியில் நின்றார்கள்.

“அடுத்த வரி உங்க எல்லாருக்கும் மனப்பாடம். அத எழுதினது கோச் இல்ல, டெரிக்கும் இல்ல, நான். சாகக் கெடந்த பையன் ஒரு ஆட்டம் ஆடணும்னு ஆசைப்பட்டான். அவனோட ஆசைய நான் உங்க பிள்ளைங்க தலையில சட்டமா கட்டிட்டேன். அது தப்பு. இன்னையோட அது கெடையாது. அடிபட்டா உக்காருங்க. உக்காந்தவங்களுக்கும் இந்தப் பணம் உண்டு.”

பாதி எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. டீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். லோரீன் கேடயத்தை எடுத்துக்கொண்டு கெண்ட்ராவிடம் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்துப் பேசினாள்.

“அப்ப... நான்... ஆடியிருக்கவே வேணாமா, மிஸஸ் ரிண்ட்லர்?”

“வேணாம் கண்ணு. ஆடியிருக்கவே வேணாம்.”

கெண்ட்ராவின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை, கணக்கு ஒன்று புரியாத பிள்ளையைப் போலத்தான் இருந்தாள்.

“இத யாராவது எனக்கு டிசம்பர்ல சொல்லியிருக்கலாமே” என்றாள்.