கல்லைப் போட்ட குடும்பம்

என் கணவரின் அக்கா லூக்கியாவுக்கு எங்கள் தீவு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: கல்லைப் போட்ட வீட்டுக்காரி. போட்டவள் அவளல்ல. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், குன்றின்மேல் எங்கள் கோயில் எழும்பியபோது, பள்ளத்தாக்கிலிருந்து உச்சிவரை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றியே கல் கொண்டுபோனார்கள். நடுவில் தரையில் வைக்கக் கூடாது. நழுவி விழுந்துவிட்டால் திரும்ப எடுக்கவும் கூடாது. விழுந்த இடமே அந்தக் கல்லின் இடம். அப்படி இவளுடைய முப்பாட்டன் ஒருவன் போட்ட கல் இன்றைக்கும் கிடக்கிறது. தார் ரோடே அதைச் சுற்றி வளைந்துதான் போகிறது. ரோடே ஒதுங்கிப் போனால் ஊர்வாய் சும்மா இருக்குமா?

லூக்கியாவுக்குக் கடற்கரை ஓட்டலில் சலவை வேலை. ஈரப் போர்வை மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். அவள் சிரித்தால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும். இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவள். ஆனால் விருந்துகளில் சேம்புக் கூழ்ச் சட்டி அவள் கைக்கு வந்தால் போதும், மீன்பிடிக்கிற கிமோனா எழுந்து வந்து சட்டிக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள். அந்தக் கிமோனாவைக் கூழிலேயே முக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

போன வருடம் நிலநடுக்கத்தில் கோயிலின் கடல்பக்கச் சுவர் சரிந்தது. லாரியில் கல் ஏற்றலாம் என்றார்கள் சிலர். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஹாலேமானு மாமா, "கையால வந்த கோயிலு, கையாலதான் நிமிரணும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அன்று மாலையே லூக்கியா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"மாமா, வரிசையில எனக்கு ஒரு எடம் வேணும்."

"ஒன்னை யாரு வேணாம்னா?"

"யாரும் வாயால சொல்லல. சமையலப் பாத்துக்கன்னுட்டாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, நில்லு. ஆனா தவறிப்போயி..."

"தவறுச்சுன்னா இந்த ஊரவிட்டே போயிடறேன்."

சொன்னால் செய்கிறவள் அவள்.

அந்த நாளும் வந்தது. தூறல் நின்றதும் பள்ளத்தாக்கிலிருந்து பாட்டும் கல்லும் சேர்ந்தே கிளம்பின. நான் லூக்கியாவுக்குக் கீழ்ப்பக்கம், கல்லை அவளிடம் கொடுக்கிற இடம். மேல்பக்கம், அவளிடம் வாங்குகிற இடத்தில், வேண்டுமென்றே வந்து நின்றான் கிமோனா. கொடுக்கிறவர் "பிடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும், வாங்குகிறவர் "பிடிச்சாச்சு" என்ற பிறகுதான் கையை விட வேண்டும். லூக்கியா ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு தடவை கேட்டாள்.

"ஒனக்கென்ன காது அடைச்சிருச்சா? ஒரு தடவ சொன்னா போதாதா?" என்றான் கிமோனா.

"போதாது."

"இந்தப் புத்தி ஒங்க பாட்டனுக்கு இருந்திருந்தா ரோடு நேராப் போயிருக்கும்!"

சிரித்தார்கள். அவள் அடுத்த கல்லுக்குக் கை நீட்டினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்தேன்.

உச்சிவேளையில், குழியில் வெந்த பன்றிக்கறியின் வாசம் வந்துகொண்டிருந்தபோது, பாசி படிந்த பெரிய கல் ஒன்று வந்தது.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

"நெசமாப் பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு தாயே!" என்று சொல்லிக்கொண்டே கிமோனா மறுபக்கம் திரும்பிக் கண்ணடித்தான். அவள் கையை விட்டாள்.

தொப்பென்று விழுந்தது. நல்லவேளை, அவன் கால் தப்பியது. பாட்டு நின்றுபோனது. சேற்றில் பாதி புதைந்த கல்லையே பார்த்தான் கிமோனா. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"லூக்கியா," என்று குரலைத் தாழ்த்தினான், "ரெண்டு பேருமாச் சேந்து போட்டோம்னு சொல்லிடலாமா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மார்பு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினாள்: "கிமோனா கல்லப் போட்டுட்டான்!"

அந்தச் சேதியை ஒருவர் அடுத்தவருக்குப் பத்திரமாகக் கொடுத்தார்கள். கூடவே சிரிப்பும் குன்றேறியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கிமோனாவே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு கேள்வி வாய்மாறி வந்தது. "கைய விடறதுக்கு முன்னால லூக்கியா கேட்டாளான்னு மாமா கேக்குறாரு."

"ரெண்டு தடவ கேட்டா!" என்று கத்தினேன். கிமோனாவும், "ஆமா, ரெண்டு தடவ" என்று ஒத்துக்கொண்டான். அதுவும் மேலே போனது. பதில் இறங்கி வந்தது.

"ரெண்டு தடவ கேட்டவள மேல அனுப்பணுமாம். சுவத்து மூலைக்கல்ல அவதான் வைக்கணுமாம்."

லூக்கியாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "நானா?"

"வேற யாரு? நடங்க அண்ணி!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பார்க்காமல் விட முடியுமா? வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மூலைக்கல்லை ஏந்திக்கொண்டு போய், சுவரின் மேல் மெல்ல இறக்கினாள். கல் அசையாமல் உட்கார்ந்தது. ஆனாலும் அவள் இரண்டு கையும் அதன்மேலேயே இருந்தன. கண்ணீர் தாடையில் சொட்டியது; துடைக்கவும் கையை எடுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தோம்.

ஹாலேமானு மாமா குனிந்து, "கைய எடும்மா லூக்கியா. அது விழாது" என்றார்.

"தெரியும் மாமா," என்றாள் சிரித்துக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிக்கறேன்."