காட்சிக்கு வைத்த காம்பரா

நவீனக் கலை அருங்காட்சியகத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. கொழும்பில் அம்மாவின் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே வந்தால் கொட்டும் மழை. ஹட்டனுக்குப் போகும் ரயிலுக்கு இன்னும் நேரம் கிடந்தது. எதிரே அந்தக் கட்டடம், நுழைவு இலவசம். நுழைந்துவிட்டோம்.

முதல் அறையில் துருப்பிடித்த தகரம் ஒன்றை விளக்குப் போட்டு மாட்டியிருந்தார்கள். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சல். அம்மா எல்லாவற்றுக்கும் முன்னால் அடக்க ஒடுக்கமாக நின்றாள். இப்போது அவள் எங்கும் அப்படித்தான். டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, இனி அங்கே குடியிருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஹட்டனில் என் வாடகை வீட்டில், பெற்ற மகளிடமே விருந்தாளியாக இருக்கிறாள். அடுப்பைப் பற்ற வைக்கக்கூட என்னைக் கேட்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் தன் வீடு என்று ஒன்று இல்லாமல் போனது அவளுக்குத்தானே.

கடைசி அறையில் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். நடுக்கூடத்தில் முழுசாக ஒரு லயக் காம்பரா, எங்களுடையதைப் போலவே ஒற்றை அறை வீடு. தகரக் கூரை, கரி பிடித்த சுவர், கதவுக்கு முன்னால் திண்ணை மாதிரி சின்ன இஸ்தோப்பு, ஆணியில் கொழுந்துக் கூடை. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. வந்தவர்கள் சப்பாத்துக் காலோடு நுழைந்து, படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். இஸ்தோப்பில் ஏறாமல் கீழேயே நின்று, "வீட்டுல யாருங்க?" என்று கூப்பிட்டாள்.

லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் முறை. கதவு திறந்தே கிடந்தாலும் உள்ளேயிருந்து குரல் வராமல் யாரும் ஏறமாட்டார்கள். பக்கத்தில் நின்ற இளசுகள் இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் போனைத் தூக்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அம்மா, இது சும்மா செஞ்சு வச்ச வீடு. உள்ள போ."

"ஆளு இல்லாத வீட்டுக்குள்ள எப்படிடி போறது?"

காவலுக்கு நின்ற சிங்களப் பெண் விறுவிறுவென்று வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "வாங்க அம்மா, உள்ளுக்கு வாங்க" என்றாள். ஹட்டனுக்குப் பக்கத்துக் கினிகத்தேனைக்காரியாம், பிறகு சொன்னாள். அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வாசலில் தயங்கி நிற்க, "வாங்க, வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று அம்மாவே அழைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண் சரிந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. "ஒரு தேத்தண்ணிகூட குடுக்க முடியல, கோவிச்சுக்காதீங்க" என்று வேறு சொன்னாள். ஒன்றும் புரியாமலே அவர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் தோன்றவில்லை.

மூடும் நேரமானதும் அம்மா சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் நீ இங்கதான இருப்ப?" என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள்.

"யாராவது வெளிய நின்னு கூப்பிட்டா ஒரு குரல் குடு தாயி. வீட்டுல ஆளு இல்லன்னு திரும்பிப் போயிடப் போறாங்க."