பாலத்துக்கு அப்புறம்

“சும்மா தலையாட்டிக்கிட்டே இருக்கியேம்மா, கேளேன்! ஏணியை யாரு பிடிச்சிருந்தான்னு கேளு!”

நாற்பத்தேழு தொலைக்காட்சியை அதட்டுகிறார். திரையில் இருக்கும் மனநல மருத்துவர் ஏணியைப் பற்றிக் கேட்பதாக இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். எதிரே, ஏணியிலிருந்து விழுந்த தீயணைப்புக்காரருக்கு உதடு துடிக்கத் தொடங்கிவிட்டது. “போச்சு. இன்னிக்கும் அழுதுட்டுப் போயிடுவான்” என்று வேர்க்கடலைத் தோலை ஊதுகிறார் நாற்பத்தேழு.

நாற்பத்தேழு என்பது அவர் பத்தொன்பது வருஷம் ஓட்டிய பேருந்தின் தட எண். டிப்போவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். மின்தூக்கியில் ஏறினால் முன்பின் தெரியாதவர்களிடம், “உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு” என்பார்.

ஏழு மாதங்களுக்கு முன், மழையில், பாலத்து வளைவில் ஒரு லாரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். பேருந்து கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதன் பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏற அவரால் முடியவில்லை. படியில் கால் வைத்ததும் உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. டிப்போவின் உதிரிபாக ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாக வைப்பரும் பல்பும் எடுத்துக் கொடுத்தார். “பல்புக்கார அண்ணே” என்று பையன்கள் கூப்பிட, சிரித்தார். மனைவியிடம் மட்டும், “மீனைக் கொண்டுபோய் அலமாரியில வெச்ச மாதிரி இருக்குடி” என்றார்.

இந்த நிலையில்தான் அலுவலகக் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்குள் அதே தடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை ஸ்டோர்ஸ். செவ்வாய்தோறும் ஆலோசகரைப் பார்க்கவும் அதிலேயே உத்தரவு.

ஆலோசகர் அறை எப்படி இருக்கும் என்பது அவருக்கு அந்த வியாழக்கிழமை டிவி தொடரிலிருந்து தெரியும். நீளமான சோபா இருக்கும். படுத்தால் அழுகை வரும், அழுதால் குணமாகிவிடும். இங்கே பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. அழுகையும் வரவில்லை.

“நாலு வாரமாச்சு. அந்தம்மாவுக்கு என்னை அழ வைக்கவே தெரியல.”

“அதுக்கு எதுக்குங்க ஆபீஸ் செலவுல ஆளு? நான் இல்லையா?” என்றாள் மனைவி.

ஆலோசகரிடம் தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அதனால் தீயணைப்புக்காரரைப் பற்றிச் சொல்லி வைத்தார். மனுஷன் தூங்குவதில்லை. ஏணியைப் பார்த்தால் ஓடுகிறான். பெண்டாட்டியிடம் வாய் கூசாமல் பொய். ஆலோசகர் அத்தனையையும் எழுதிக்கொண்டார். ஐந்தாவது வாரம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

“உங்க நண்பரை ஒருநாள் கூட்டிட்டு வர முடியுமா? உங்களைவிட அவரை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு.”

“யாரு மேடம்? அவரு டிவியில வர்றவரு. வியாழக்கிழமை எட்டு மணிக்கு.”

ஆலோசகர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். பதினோரு பக்கம். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. நாற்பத்தேழு பதறிப்போய், தன் பக்கமிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவரிடம் தள்ளினார். “எடுத்துக்கோங்க மேடம். எனக்குத் தேவைப்படல.”

அதிலிருந்து ஆலோசகரும் தொடர் பார்க்கத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமைகள் சண்டையில் கழிந்தன. “அந்த டாக்டர் ரொம்ப அவசரப்படுறாங்க” என்பார் ஆலோசகர். “எங்க டாக்டரைக் குறை சொல்லாதீங்க” என்பார் நாற்பத்தேழு.

ஒரு வியாழக்கிழமை, ஏணி சரியும் இடத்தில் படம் உறைந்து ‘தொடரும்’ என்று போட்டார்கள். இது மூன்றாவது முறை. நாற்பத்தேழு கடலைத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்தார். “எத்தனை தடவைடா விழுவான்? விழுந்து என்ன ஆனான், அதைக் காட்டுங்கடா!”

துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. “நீங்க மட்டும் காட்டிட்டீங்களாக்கும்?”

“என்னடி?”

“சக்கரம் தொங்குற வரைக்கும் நூறு தடவை கேட்டாச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கடலை பொறுக்கினார்.

அடுத்த செவ்வாய், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, “மேடம், அடுத்த பாகம் சொல்றேன்” என்று ஆரம்பித்தார். “முப்பத்தோரு பேரு. வாழ்க்கையில முதல் தடவையா எல்லாரும் பின்னாடி போங்கன்னு கத்தினேன். பின்வாசல் வழியா ஒவ்வொருத்தரா இறக்கினேன். என் ஷூ ஒண்ணு எங்கேயோ போச்சு. கடைசியில ஒரு அம்மா நடுரோட்ல உக்காந்துக்கிட்டு, ‘என் முட்டை எங்கடா?’ங்குது. ரெண்டு அட்டை முட்டை, முன் சீட்டுக்கு அடியில. போய் எடுத்தாந்தேன். ஒண்ணுகூட உடையல மேடம்! அந்தம்மா எண்ணிப் பாத்துட்டு, ‘இந்தாப்பா, இது உனக்கு’ன்னு ஒண்ணு குடுத்துச்சு. எங்க வைக்கிறது? சட்டைப் பையில வெச்சேன். ஆம்புலன்ஸ்காரன் நெஞ்சை அழுத்திப் பாத்தான். ஈரமா என்னமோ வழிஞ்சுது. செத்தோம்டான்னு குனிஞ்சு பாத்தா, மஞ்சளா இருக்கு!”

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது அவருக்கே தெரியவில்லை.

“இருங்க” என்றார் ஆலோசகர். “தொங்குற வண்டிக்குள்ள திரும்பப் போனீங்களா?”

“ஆமா. முட்டைக்கு.”

“படியில ஏறினீங்க.”

நாற்பத்தேழு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “ஏறியிருக்கேனே!” என்றார்.

கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்பு சோதனை ஓட்டம். காலிப் பேருந்து, பக்கத்தில் ஆய்வாளர். முதல் தடவை கம்பி வழுக்கியது. இரண்டாம் தடவையும். கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை ஏறினார். வளைவு வந்தது. “மழை இல்ல. ரெண்டு கால்லயும் ஷூ இருக்கு” என்று உரக்கச் சொன்னார்.

“யாருகிட்டய்யா பேசுற?” என்றார் ஆய்வாளர்.

பாலம் முடிந்தது. “போதும்ப்பா, பாஸ். இங்கேயே திருப்பிடு.”

“இன்னும் மூணு ஸ்டாப் இருக்கு சார்.”

பின்னால் ஒரு லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. நாற்பத்தேழு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ‘நீ முன்னால போ ராசா’ என்பதுபோல் அசைத்தார்.