முழுக் கனடாவிலும் மூன்றாம் பிள்ளை

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது பெரியம்மாவின் மகன் முழுக் கனடாவிலும் மூன்றாம் பிள்ளையாக வந்தான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மொன்றியலில், லாசாலில் இருந்தோம். அந்த அண்ணன் அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பெரியம்மா தொலைபேசியில், "மூண்டாவதாம், முழுக் கனடாவிலும்" என்றார். அப்பா அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். ஊரில் வகுப்பில் முதலாவதாக வருபவர் முதலாம் பிள்ளை, அடுத்தவர் இரண்டாம் பிள்ளை. அப்பாவுக்கு அதைவிட வேறு வரிசை தெரியாது.

என் பாடசாலையிலோ அந்த வழக்கமே இல்லை. தொண்ணூற்றிரண்டு வீதம் போட்ட பிரெஞ்சுப் பாட அறிக்கையை நீட்டினால், அப்பா "அது கிடக்கட்டும். எத்தினையாம் பிள்ளை?" என்பார். அப்படிப் போடமாட்டார்கள் என்றால் நம்பமாட்டார். நான் ஒளிக்கிறேனாம்.

செவ்வாய்தோறும் பெரியம்மா அழைப்பார். அண்ணன் ஐந்தாம் பிள்ளையானான், பிறகு நாலாம் பிள்ளை. "கிழமைக்குக் கிழமை சோதினை வைக்கிறாங்கள், பாவம் பெடியன்" என்று அப்பா உருகினார். அவன் வந்தால் இறைச்சியில் நல்ல துண்டெல்லாம் அவன் தட்டுக்குப் போகும். எனக்கு எலும்பு. பொறாமையில் வெந்தேன்.

தெருமுனைத் தெப்பனேர்க் கடையில் பால் வாங்கப் போனபோது பத்திரிகையில் உண்மை அகப்பட்டது. பல்கலைக்கழகக் கால்பந்து அணிகளை விளையாட்டு நிருபர்கள் கிழமைதோறும் வாக்களித்து வரிசைப்படுத்திய பட்டியல். தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்துக்காக முட்டி மோதுவார்களே, அந்தக் கால்பந்து. நாலாவதாக அண்ணன் விளையாடும் பல்கலைக்கழக அணி.

ஞாயிறு பூசை முடிந்து பெரியம்மா வீட்டில் சாப்பிடும்போது எல்லோர் முன்னும் அந்தப் பட்டியலை வாசித்தேன். "இது சோதினை இல்லை, பந்து விளையாட்டு. அண்ணையின்ர பேரே இதில இல்லை."

"அப்ப படிப்பு?" என்றார் அப்பா. அண்ணன் தட்டைப் பார்த்தான். பெரியம்மா குழம்பு எடுக்கக் குசினிக்குப் போனார். குழம்பு மேசையில்தான் இருந்தது.

புறப்படும்போது அண்ணன் வாசல்வரை வந்தான். "அம்மாவுக்கு முதலே தெரியும், தங்கச்சி. சித்தப்பா பிழையா விளங்கினதை அவ திருத்தேல்லை. அதாலதான் ஆரும் என்ர மார்க்ஸைக் கேக்காமல் இருந்தினம்." அவனுக்கு என்மேல் கோபம் இல்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை. அப்பா என்னிடமும் எத்தனையாம் பிள்ளை என்று கேட்பதை விட்டுவிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து அந்த அணி பட்டியலில் முதலாவதாக வந்தது. பொறாமை அடங்கியதும் எனக்குப் பெருந்தன்மை வந்திருந்தது. நானே பெரியம்மாவை அழைத்து, "முதலாம் பிள்ளை, பெரியம்மா!" என்று கத்தினேன்.

"ஓம் பிள்ளை" என்றுவிட்டு வைத்துவிட்டார். இவ்வளவு நல்ல செய்திக்கு அவர் ஏன் ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.